தகும் என்று சொன்னேன்

ஜூன் 8, சனி

பிரிசில்லாவின் பெட்டி இன்று வந்தது. கூரியர்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கோயம்புத்தூரில் புருஷனை விட்டு அவள் திரும்பி வந்து இருபது மாதம் ஆகிறது. இத்தனை நாளில் அவள் தானாக எழுந்து ஒரு பொருளை எடுத்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட என் மனைவி ரூபிதான் அறைக்குக் கொண்டுபோய் வைப்பாள். பாதி நாள் அது அப்படியே திரும்பி வரும்.

பெட்டிக்குள் பன்னிரண்டு கண்ணாடி டப்பா. கடல்பாசி க்ரீம். பிரான்ஸ் நாட்டுக் கடலில் கையால் பறித்த பாசியாம். ஐம்பது கிராம் ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய். கடையில் கிடைக்காது, இவளைப் போன்றவர்கள் வழியாகத்தான் விற்பார்களாம்.

"எப்பா, நீங்க படிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவனுக்கு அது பழகிய வேலை. எது அதிகமாக இருக்கிறதோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் தண்ணீர். அடுத்தது கிளிசரின். பிறகு பாரஃபின் எண்ணெய், மெழுகு. பிறகு வாசனை. வாசனைக்கும் பின்னால், பட்டியலின் வாலில், பாசிச் சாறு. அந்த இடத்தில் இருந்தால் நூற்றில் ஒரு பங்கு தேறுவதே சந்தேகம். தோல் வறட்சிக்கு ஆஸ்பத்திரியில் பெரிய டின்னிலிருந்து வழித்துக் கொடுப்போமே, அதோடு கொஞ்சம் மணமும் கனமான கண்ணாடியும் சேர்ந்தால் இதுதான்.

நிமிர்ந்து பார்த்தேன். பிரிசில்லா தலை வாரியிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நன்றாக இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. தடவினால் தோல் மிருதுவாகத்தான் செய்யும்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 148.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனைக்கு மூன்று பேரும் போனோம். பிரிசில்லா கோயிலுக்குள் வந்தது போன வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு இன்றுதான். ரூபி முகத்தில் க்ரீம் போட்டிருந்தாள். பளபளப்பாக இருப்பதாக நாலு பேர் சொன்னார்களாம். வீட்டுக்கு வரும்வரை ரூபியும் பிரிசில்லாவும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் ஆட்டுக்கறி வாங்கினேன்.

ஜூன் 16, ஞாயிறு

சாயங்காலம் வீட்டில் பதினோரு பெண்கள் கூடினார்கள். பிரிசில்லா புடவை கட்டி, மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து, டப்பாக்களை அடுக்கியிருந்தாள். நான் உள்ளறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று கூப்பிட்டாள்.

இந்தத் தெருவில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை விழுங்குமுன் என்னிடம் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, காபியோடு போடலாமா, பிள்ளைக்குப் பாதி கொடுக்கலாமா. இன்றுவரை யாருக்கும் தப்பாகச் சொன்னதில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லியிருக்கிறேன்.

கெடுதல் செய்கிற பொருள் எதுவும் இதில் இல்லை என்று சொன்னேன். அது உண்மை. அதோடு உள்ளே போயிருப்பேன். எதிர்வீட்டு ஆவுடையம்மாள் விடவில்லை. முன்னறையிலேயே தையல் கடை வைத்து, கல்யாணப் பெண்களுக்கு ஆரிப் பூவேலை செய்த ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். புருஷன் மஸ்கட்டில். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே எழுந்து வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, நாங்க என்னத்தக் கண்டோம். நீங்க மருந்துக்குள்ளயே கெடந்தவங்க. இந்த வெலைக்கு இது தகுமா? நீங்க சொன்னா நான் வாங்குதேன்."

பிரிசில்லா டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தகும்" என்றேன்.

ஐந்து டப்பா போயிற்று. எல்லோரும் போன பிறகு பிரிசில்லா மேஜைத் துணியை மடித்துக்கொண்டே கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். ரூபி அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஆவுடைக்கு நல்ல வருமானம். முகூர்த்த மாதங்களில் அவள் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. கிளிசரினால் யாரும் கெட்டுப்போனதில்லை.

ஜூன் 17, திங்கள்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். ஆள் வரவில்லை.

ஜூன் 24, திங்கள்

பிரிசில்லா தன் வாட்ஸாப் குழுவில் என் பழைய படத்தைப் போட்டிருக்கிறாள். வெள்ளைக் கோட்டுடன் மருந்தக ஜன்னலில் நிற்கிற படம். அடியில், 'என் அப்பா, 34 வருட அரசு மருந்தாளுநர், பரிந்துரைக்கிறார்'. எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் ஃபோனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

காலையில் ஆவுடை வந்திருந்தாள். இடது கன்னத்தில் ரூபாய் நாணயம் அளவில் ஒரு வெளிறிய திட்டு. வீடியோவில் பேசும்போது முகம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது என்று புருஷன் சொல்கிறாராம். அதற்குத்தான் க்ரீம். கையிலும் இருக்கிறது என்று காட்டினாள் போல. காலை, மாலை இரண்டு வேளையும் நன்றாகத் தேய்த்துப் போடச் சொன்னாள் பிரிசில்லா. நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தூரம்தான். வெயில் கண்ணில் அடித்தது.

தேமல். இந்த வெயிலுக்குத் தேமல் வரும்.

ஜூலை 10, புதன்

ரூபியின் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க ஆவுடை கடைக்குப் போனேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வரப்போகிற முகூர்த்தத்துக்கு எத்தனை ஜாக்கெட், எந்தக் கல்யாணத்துக்கு எந்த நிறம் என்று பேசிக்கொண்டே தேய்த்தாள். இஸ்திரிப் பெட்டியைச் சாய்த்து வைத்தபோது அதன் ஓரம் அவள் இடது முழங்கைக்குக் கீழே பட்டுக்கொண்டிருந்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கருகிய வாடை எனக்குத்தான் முதலில் வந்தது. கை, கை என்றேன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். வேலை மும்முரத்தில் தெரியவில்லை என்றாள். தோல் வழன்றிருந்தது. அந்த இடத்தைச் சுற்றிக் கன்னத்தில் இருப்பதைப் போலவே வெளிறல், அதைவிடப் பெரிது. மின்விசிறி ஓடாத அறை. அவள் கழுத்தும் நெற்றியும் வியர்த்து வழிந்தன. அந்தத் திட்டு மட்டும் காய்ந்து கிடந்தது.

தையல்காரிகளுக்குக் கை மரத்துப்போயிருக்கும். நாள் முழுக்க ஊசி, கத்தரி.

தீப்புண்ணுக்குப் போட வீட்டிலிருந்து களிம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். நூறு தடவை நன்றி சொன்னாள்.

மோட்டார்காரர் வந்துவிட்டார். வாஷர் போயிருந்ததாம்.

ஜூலை 11, வியாழன்

காலை நடைக்கு ரயில்வே கேட் பக்கமாகப் போனேன். எதிர்வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் மருந்தகத்தில் ஒரு தனி வரிசை நிற்கும். தோல் பிரிவிலிருந்து வருகிற வரிசை. மாதத்துக்கு ஒரு மாத்திரை அட்டை. அட்டையிலேயே முதல் நாள், இரண்டாம் நாள் என்று போட்டிருக்கும். முதல் நாள் மாத்திரையை எங்கள் கண்முன்னால் விழுங்க வேண்டும். ஒரு பைசா கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அட்டையை அவர்கள் கையில் கொடுக்க மாட்டேன். ஜன்னல் பலகையில் வைத்துத் தள்ளுவேன். அது அப்படி ஒட்டாது, முதல் வேளை மாத்திரையிலேயே பரவுவது நின்றுவிடும் என்று பெரிய டாக்டர் சத்தம் போட்ட பிறகுதான் கையில் கொடுக்கத் தொடங்கினேன்.

இதை இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை என்பதால் இருக்கும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பிரிசில்லாவுக்கு விற்பனையில் மாவட்டத்திலேயே இரண்டாவது இடம். மதுரையில் ஓட்டலில் விழா வைத்துக் கேடயம் கொடுத்தார்களாம். தன் சம்பாத்தியத்தில் எனக்கு ஒரு சட்டை, ரூபிக்கு ஒரு புடவை. சட்டை தோளில் கொஞ்சம் இறுக்கம். அதை அவளிடம் சொல்லவில்லை.

சாப்பிடும்போது சொன்னாள், ஆவுடை அக்கா இரண்டாவது டப்பாவும் வாங்கிவிட்டாள் என்று. திட்டு போகவில்லையே, தோல் டாக்டரைப் பார் என்று ஆவுடையின் தங்கை சொன்னாளாம். அதற்கு ஆவுடை, கம்பவுண்டர் அண்ணாச்சியே பார்த்துச் சொன்ன பிறகு டாக்டர் எதற்கு, கொஞ்சம் பொறுத்துத்தான் பலன் தெரியும் என்றாளாம். பிரிசில்லா இதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

"எதுக்கும் ஒருதடவ டாக்டர்ட்ட காட்டிட்டு வரச் சொல்லேன்" என்றேன்.

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "ஏம்ப்பா? க்ரீம் நல்லா இல்லியா?"

அந்த முகத்தை எனக்குத் தெரியும். இருபது மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முகம். அது திரும்பி வர ஒரு வினாடி போதும் போலிருந்தது.

சும்மாதான் சொன்னேன் என்றேன். ரசம் கேட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன். ஆவுடை கடையில் கல்யாணப் பெண்ணும் அவள் தாயும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது. வெள்ளை நூல்கண்டு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பத்து நிமிஷம் நின்றிருந்தால் அவர்கள் போயிருப்பார்கள்.

செப்டம்பர் 2, திங்கள்

சர்க்கரை 190. மாத்திரை மறந்ததில்லை. ஏன் ஏறுகிறது என்று ரூபி கேட்கிறாள்.

செப்டம்பர் 18, புதன்

மத்தியானம் ரூபி சொன்னாள். ஆவுடையால் ஆரி வேலை செய்ய முடியவில்லையாம். இடது கைச் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் துணியைத் தாங்கிப் பிடிக்க மாட்டேன் என்கிறதாம். ஒரு கல்யாண ஜாக்கெட் நாள் தப்பி, பெண்வீட்டார் வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார்களாம். ராத்திரி பகல் வேலை செய்து நரம்பு அசந்துவிட்டது, க்ரீமையே கையிலும் நன்றாக உருவி விடுகிறேன் என்று ஆவுடை சொன்னாளாம்.

நான் சாம்பாரை ஊற்றிக்கொண்டேன். ரூபி கரண்டியைக் கீழே வைத்தாள். பிரிசில்லா வீட்டில் இல்லை.

"அது என்னன்னு உங்களுக்குத் தெரியும்லா" என்றாள்.

நான் மோர் கேட்டேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 19, வியாழன்

காலை ஒன்பதரைக்குப் போனேன். ஆவுடை தனியாக இருந்தாள். கதவைச் சாத்தலாமா என்று கேட்டேன். முகம் மாறினாலும் சாத்தினாள்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். பஞ்சைத் திரித்து நுனியால் தொடுவேன், எங்கே தொடுகிறேனோ அங்கே விரலை வை என்றேன். உள்ளங்கையில் தொட்டேன், வைத்தாள். தோளில், நெற்றியில் சரியாக வைத்தாள். முழங்கைத் திட்டில் தொட்டேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை தொட்டேன். "தொடுங்க அண்ணாச்சி" என்றாள். கன்னத்துத் திட்டில் தொட்டேன். அப்போதும் காத்துக்கொண்டிருந்தாள்.

முழங்கை எலும்புக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. கடைசி இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு சீட்டுக் காகிதத்தை வைத்து இறுக்கிப் பிடி என்றேன். லேசாக இழுத்தேன். வந்துவிட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். நான் சொன்னேன். தொழுநோய் என்கிற வார்த்தையை முப்பத்துநாலு வருஷத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"பெரிய வியாதியா" என்றாள்.

அது அந்தக் காலத்துப் பேச்சு என்றேன். மாத்திரை இருக்கிறது, இலவசம், முழுக்கக் குணமாகும், மாத்திரை தொடங்கினால் யாருக்கும் ஒட்டாது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"உங்களுக்கு எத்தன நாளா சந்தேகம், அண்ணாச்சி?"

"இப்பத்தான்" என்றேன். "நேத்து ரூபி உன் விரலப் பத்திச் சொன்னப்பதான்."

அவள் தலையாட்டினாள். நாளைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

இரண்டு பேரும் ஆட்டோவில் போனோம். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஆவுடை முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். தோல் பிரிவில் சின்ன வயது டாக்டரம்மா. நான் செய்ததையே செய்து பார்த்தார். பிறகு கன்னத்தில் சிறு கீறல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பன்னிரண்டு மாதம் மாத்திரை. நரம்பு வீக்கத்துக்குத் தனி மாத்திரை. விரலுக்குப் பயிற்சி.

மாத்திரையால் தோல் கறுக்கும் என்றும் டாக்டரம்மா சொன்னார். முகம் பூராவும் கறுக்குமா என்று ஆவுடை கேட்டாள். திட்டு இருக்கிற இடத்தில் அதிகமாகக் கறுக்கும் என்றார்.

விரல் எப்போது தொடங்கியது என்று கேட்டார். ஒரு மாதமாகத்தான் என்றாள் ஆவுடை. திட்டு எப்போதிருந்து? சித்திரையில் இருந்தே. டாக்டரம்மா எழுதிக்கொண்டே, அப்போதே வந்திருந்தால் நரம்பு வரைக்கும் போயிருக்காது என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லவேள, சார் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா கை மடங்கியே போயிருக்கும்."

ஆவுடை அந்த இடத்திலேயே என்னைக் கும்பிட்டாள்.

மருந்தக ஜன்னலில் என் பழைய இடத்தில் வேறொருவர். அட்டையைக் கையில் கொடுத்தார். முதல் நாள் மாத்திரையை அங்கேயே விழுங்கினாள். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று நான் சொன்னேன். எல்லாம் நான்தான் சொன்னேன். ஆட்டோவில் வரும்போதும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஆவுடை, ரூபிக்கு ஒரு ஜாக்கெட் தைத்து அனுப்பியிருக்கிறாள். ஒரு கையால் எப்படித் தைத்தாளோ. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். நோயின் பேரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பிரிசில்லாவுக்கு விஷயம் தெரியாது. நரம்புத் தளர்ச்சி என்று நினைக்கிறாள். அண்ணாச்சி இல்லை என்றால் என் கை போயிருக்கும் என்று ஆவுடை தெருவில் எல்லாரிடமும் சொல்கிறாள். இன்று ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

ரூபி அந்த ஜாக்கெட்டைப் போடவில்லை. பீரோவில் வைத்துவிட்டாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆவுடை மூன்றாவது டப்பா வாங்கியிருக்கிறாள். மாத்திரையால் முகம் கறுக்கத் தொடங்கிவிட்டது, இதைப் போட்டால் தெளியும் என்று அவளே முடிவு செய்திருக்கிறாள். தன் கையைக் காப்பாற்றியவரின் மகளிடம் வாங்காமல் இருப்பது மரியாதையில்லை என்றும் நினைக்கிறாள் போல. ஆரி வேலை செய்ய முடியாமல் ஆர்டர்களைத் திருப்பிக்கொண்டிருக்கிறவள்.

பிரிசில்லா டப்பாவை ரிப்பன் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

அக்டோபர் 7, திங்கள்

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அக்டோபர் 9, புதன்

சொல்லிவிட்டேன்.

ஆவுடை மெழுகு உருண்டையை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தாள். விரலுக்கு டாக்டரம்மா சொன்ன பயிற்சி. நாற்காலியை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிட்டு வந்துவிடுவேன்.

முதலில் க்ரீமைப் பற்றிச் சொன்னேன். அது தண்ணீரும் கிளிசரினும்தான், பாசி பேருக்குத்தான், எந்த மெடிக்கல் ஷாப்பிலும் அறுபது ரூபாய்க்குக் கிடைக்கிற களிம்பு இதே வேலையைச் செய்யும், பெட்டி பிரித்த அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றேன். அவள் மெழுகைப் பிசைந்துகொண்டே கேட்டாள். அதற்காக அவ்வளவு கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. வியாபாரம் என்றால் அப்படித்தானே அண்ணாச்சி என்றுகூடச் சொன்னாள்.

பிறகு இஸ்திரிப் பெட்டி பட்ட நாளைச் சொன்னேன். ஜூலை பத்து. அன்றைக்கே தெரியும் என்றேன். அதற்கு முன்னால் திட்டைத் தூரத்திலிருந்து பார்த்தபோதே மனசில் பட்டது, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன் என்றேன். டாக்டரிடம் போ என்றால் க்ரீம் வீண் என்று ஆகிவிடும், என் மகள் மறுபடி படுத்துவிடுவாள் என்று பயந்தேன். எழுபது நாள் சும்மா இருந்தேன். அந்த எழுபது நாளில்தான் விரல் போயிற்று. இப்போதுதான் சந்தேகம் வந்தது என்று போன மாதம் சொன்னதும் பொய்.

மெழுகைப் பிசைவது நின்றது. தெருவில் தக்காளி வண்டி போயிற்று.

"எங்க அம்மைகிட்டகூட நான் எதையும் இப்படிக் கேட்டதில்ல அண்ணாச்சி" என்றாள். "தலவலி மாத்திரையக்கூட உங்ககிட்ட காட்டிட்டுத்தான் போடுவேன். இனி நான் யாருகிட்ட போயிக் கேக்க?"

மன்னிக்கணும் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. பிரிசில்லாவிடம் க்ரீமைப் பற்றி மட்டும் சொல்கிறேன், நோயைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்றேன். எல்லாவற்றையும் சொல்லுங்கள், தெரியாமல் அந்தப் பிள்ளை இன்னும் எத்தனை பேருக்கு விற்குமோ என்றாள். பிறகு எழுந்து வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே வந்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

பிரிசில்லாவிடம் சொன்னேன். ரூபியும் இருந்தாள். ஆவுடையிடம் சொன்னதையே அதே வரிசையில் சொன்னேன். பிரிசில்லா கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். அன்றைக்குத் தகும் என்று ஏன் சொன்னீர்கள்?

நீ எழுந்து நின்றிருந்தாய் என்றேன். உன்னைப் பழையபடி பார்க்க வேண்டும் என்றிருந்தது.

"நான் சிரிக்கணும்னு அவங்க கையக் குடுத்திருக்கிய" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களாப்பா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்டோபர் 11, வெள்ளி

அறைக் கதவு திறக்கவில்லை. தட்டு திரும்பி வந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில் கூடத்தில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படியே ஃபோனில் பேசிப் பதிந்து, குழுவில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பினாள். அந்த க்ரீமில் விசேஷமாக ஒன்றும் இல்லை. அப்பா சொன்னது பொய், அது அவருக்கே தெரியும். தெரியாமல் நான் விற்றுவிட்டேன், இனி விற்க மாட்டேன். தோலில் எது இருந்தாலும் தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள். குரல் நடுங்கவில்லை. என் படத்தையும் எடுத்துவிட்டாள். ஆவுடையின் பேரை எங்கும் சொல்லவில்லை.

ஆராதனைக்கு நான் போகவில்லை. ரூபி போனாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

ஆவுடைக்கு இரண்டாவது அட்டை வாங்க வேண்டிய நாள். காலை எட்டு மணிக்கே சட்டை மாட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தனியாக நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். தலையை மூடிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 26, சனி

இந்த இரண்டு வாரத்தில் மாத்திரை காட்ட ஒருவரும் வரவில்லை.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளிக்கு ஆவுடையின் புருஷன் வந்திருக்கிறார். அவரிடம் சொல்லிவிட்டாளாம். அவர், மாத்திரையை ஒரு நாளும் விடாதே என்றாராம். அதற்குமேல் ரூபிக்கும் தெரியவில்லை.

பிரிசில்லா காலையில் எதிர்வீட்டுக்குப் போகிறாள். கொக்கி வைக்கவும் ஓரம் அடிக்கவும். ஆவுடை கூப்பிட்டாளா இவளாகப் போனாளா என்று தெரியாது. மத்தியானம் வந்து சாப்பிடுகிறாள், தட்டைத் தானே கழுவுகிறாள். பாட்டு கிடையாது. என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

நவம்பர் 15, வெள்ளி

மழை. சர்க்கரை 162.

நவம்பர் 30, சனி

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். ரூபி கடைக்குப் போயிருந்தாள். வாசலில் ஆவுடை நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. முகம் நன்றாகக் கறுத்திருந்தது. கன்னத்தில் அந்த இடம் இன்னும் கறுப்பு. இடது கையை நீட்டி விரல்களை விரித்துக் காட்டினாள். மூன்றாவது விரல்வரை நேராக நின்றது. நாலாவது முக்கால்வாசி. சுண்டுவிரல் உள்நோக்கி வளைந்திருந்தது.

"இந்த வெரல் பழையபடி வருமா அண்ணாச்சி?"

ஒன்றரை மாதமாக யாரும் என்னிடம் ஒன்றும் கேட்காத வாசல் அது. வரும் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பயிற்சி செய்தால் வரும், மனசை விடாதே, என் கண்ணால் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன் என்று அடுத்தடுத்த வரிகளும் தயாராக இருந்தன.

அந்தக் கையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்து மருந்துக்குப் பிறகும் சுண்டுவிரலின் அடிச்சதை வற்றியிருந்தது.

"நாலாவது வெரல் வரும்" என்றேன். "சுண்டுவெரல் முழுசா வராது. இதுக்குமேல வளையாமப் பாத்துக்கிடலாம். அவ்வளவுதான்."

அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

"டாக்டரம்மாவும் அதத்தான் சொன்னாங்க" என்றாள். "நேத்தே கேட்டுட்டேன். நீங்க என்ன சொல்லுதியன்னு பாக்கத்தான் வந்தேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் போவாள் என்று நினைத்தேன். போகாமல் இன்னொன்றும் கேட்டாள். மாத்திரை முடிந்த பிறகு முகத்துக் கறுப்பு போகுமா? போகும், ஆனால் ஒரு வருஷம்போல ஆகும், அதற்கு எதையும் வாங்கிப் பூச வேண்டாம் என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதையும் அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனாள்.